பிரான்சும் அதன் முஸ்லிம்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமிய உலகுக்கும் மேற்குலகுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பொதுப்படையாகப் பேசத் தொடங்கினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது. ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. மேற்கு ஐரோப்பாவில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் நாடுகளில் பிரான்ஸ் ஒன்று. ஹிஜாப் தடை, கேலிச்சித்திரம், பாரிஸ் தாக்குதல் என்று நம் நாளிதழ்களில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்தச் செய்திகளுக்கு அடியில் ஓடும் வரலாறு மட்டும் வருவதில்லை. அதைச் சொல்லவே இந்தக் கேள்வி பதில்.

இது இரண்டு நாகரிகங்களுக்கு இடையிலான மோதல்தானே?

இல்லை. பிரான்சில் வாழும் முஸ்லிம்களில் மிகப் பலருடைய வேர் அல்ஜீரியாவில் இருக்கிறது. அந்த அல்ஜீரியா 1830 முதல் 1962 வரை, 132 ஆண்டுகள், பிரான்சின் பிடியில் இருந்தது. 1848க்குப் பிறகு அது காலனி என்றுகூட அழைக்கப்படவில்லை. பிரான்சின் மாவட்டங்களாகவே ஆக்கப்பட்டது. ஒரே அரசின் கீழ் நான்கைந்து தலைமுறை வாழ்ந்தவர்களின் வழக்கு இது. பங்காளிச் சண்டைக்கு உரிய கசப்பும் நெருக்கமும் அதில் உண்டு.

அப்துல் காதிர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படையெடுத்து வந்த பிரெஞ்சு இராணுவத்தை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் போரிட்ட அல்ஜீரியத் தலைவர் அவர். 1847ல் சரணடைந்தார், கொடுத்த வாக்கை மீறி பிரான்ஸ் அவரைச் சிறைவைத்தது. பின்னர் விடுதலையாகி டமாஸ்கஸில் குடியேறினார். 1860ல் அங்கே கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது, தம் ஆட்களோடு வெளியே வந்து ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைக் காத்தார். அதற்காக பிரான்ஸ் அவருக்குத் தன் உயரிய ‘லெஜியோன் தொனர்’ விருதை அளித்தது. எதிரியும் காவலரும் ஒரே மனிதர்தான். மோதல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவரை எப்படி அடக்குவது?

பிரான்சில் எத்தனை முஸ்லிம்கள் இருக்கிறார்கள்?

அரசு எண்ணுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்வி கடைசியாக 1872ல்தான் கேட்கப்பட்டது. மாதிரிக் கணக்கெடுப்புகள் உண்டு. அரசுப் புள்ளியியல் நிறுவனம் 2019-20ல் நடத்திய ஆய்வில், 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் சுமார் 10 சதவீதத்தினர் தங்களை முஸ்லிம் என்றனர். கத்தோலிக்கர் 29 சதவீதம். ஏறத்தாழ பாதிப்பேர் மதமே இல்லை என்றனர். இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பக்தியோடு வாழும் ஒரு சிறுபான்மை, பக்தியைக் கைவிட்ட ஒரு பெரும்பான்மைக்கு நடுவே வாழ்கிறது.

அல்ஜீரியா பிரான்சின் பகுதி என்றால், அல்ஜீரிய முஸ்லிம்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத்தானே இருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

1865ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அல்ஜீரிய முஸ்லிம் பிரான்சின் பிரஜை, அதாவது அதன் ஆட்சிக்கு உட்பட்டவர். ஆனால் குடிமகன் அல்லர். இராணுவத்தில் சேரலாம், சாகலாம். முழுக் குடியுரிமை வேண்டுமென்றால் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை ஆகியவற்றில் இஸ்லாமியத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தின் கீழ் வர வேண்டும். ஊரார் பார்வையில் அது மதத்தையே விட்டுப்போவதற்குச் சமம் என்பதால் மிகச் சிலரே முன்வந்தனர். 1870ல் அல்ஜீரிய யூதர்களுக்கு ஒரே ஆணையில் குடியுரிமை கொடுக்கப்பட்டது. முஸ்லிம்கள் வெளியிலேயே நின்றனர். 1881 முதல் அவர்களுக்கென்றே தனித் தண்டனை விதிகளும் வந்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. அதே 1881ல் பிரெஞ்சிந்தியாவிலும், தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஆணை பிறந்தது. துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தனிச்சட்டத்தைத் துறக்காத இந்துக்களும் முஸ்லிம்களும்கூட வாக்களித்தார்கள். அல்ஜீரியாவில் அந்த வழி அடைக்கப்பட்டது. ஆகவே, இஸ்லாமியத் தனிச்சட்டமும் குடியுரிமையும் ஒத்துப்போகாது என்பது கொள்கை சார்ந்த முடிவு என்பதை நான் ஏற்க மாட்டேன். அல்ஜீரியாவில் ஐரோப்பியக் குடியேறிகள் இருந்தார்கள். நிலம் அவர்கள் கையில் இருந்தது. முஸ்லிம்கள் வாக்களித்தால் அது போய்விடும். காரணம் அதுதான்.

1947ல்கூட, அல்ஜீரியப் பேரவையின் 120 இடங்களில் 60 இடங்கள் முதல் வாக்காளர் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டன. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். மீதி 60 இடங்கள் பல மடங்கு அதிகமான முஸ்லிம்களுக்கு. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அந்தப் பாதியிலும் அரசு முறைகேடு செய்தது. 1954ல் விடுதலைப் போர் மூண்டு, துப்பாக்கி பேசத் தொடங்கியது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 1905 சட்டம் என்ன சொல்கிறது?

1905 டிசம்பர் 9 நாளிட்ட அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு, மனச்சாட்சிச் சுதந்திரத்தைக் குடியரசு உறுதிசெய்கிறது என்கிறது; பொது ஒழுங்குக்கு உட்பட்டு வழிபாட்டுச் சுதந்திரத்தையும் தருகிறது. இரண்டாவது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளமோ மானியமோ தராது என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் அரசியல் செல்வாக்கை அறுக்க வந்த சட்டம் அது. அதை நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றிய அரிஸ்தீத் பிரியான், திருச்சபையைப் பழிவாங்கும் சட்டமாக அது மாறிவிடாதபடி பார்த்துக்கொண்டார். அதில் உடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாதிரியார் தெருவில் அங்கி அணியக் கூடாது என்று விவாதத்தின்போது சிலர் கேட்டார்கள்; பிரியான் அதை மறுத்தார். நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். அரசிடமிருந்து மதத்தையும், மதத்திடமிருந்து அரசையும் ஒருசேரக் காக்கிறது.

ஆனால் அது எல்லாருக்கும் ஒரேமாதிரி வழங்கப்படவில்லை. 1907ல் ஓர் ஆணையின் மூலம் அல்ஜீரியாவுக்கு விதிவிலக்கு வந்தது. அங்கே இமாம்களை நியமித்து ஊதியம் கொடுக்கும் அதிகாரத்தைக் காலனி நிர்வாகம் தன்னிடமே வைத்துக்கொண்டது. பள்ளிவாசலின் உரைமேடையான மிம்பரில் நின்று பேசுபவர் அரசின் சம்பளப் பட்டியலில் இருப்பது ஆட்சிக்கு வசதி. அப்துல் ஹமீத் பின் பாதிஸ் தலைமையில் 1931ல் உருவான அல்ஜீரிய உலமாக்கள் சங்கம், மதத்தையும் அரசையும் பிரிக்கும் சட்டத்தை எங்களுக்கும் நடைமுறைப்படுத்துங்கள், பள்ளிவாசல்களை எங்களிடம் விடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டது. மார்க்க அறிஞர்கள் மதச்சார்பின்மையைக் கேட்டார்கள். மதச்சார்பற்ற குடியரசு மறுத்தது. முஸ்லிம்களுக்கு மதச்சார்பின்மை புரியாது என்று இன்று பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் யாராவது பேசும்போது, யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பிரான்சுக்குள்ளேயே இன்னொரு விதிவிலக்கும் உண்டு. அல்சாஸ், மொசேல் பகுதிகள் 1905ல் ஜெர்மனியிடம் இருந்ததால், அங்கே இன்றுவரை பாதிரியார்களுக்கும் யூத மதகுருமார்களுக்கும் அரசே சம்பளம் தருகிறது. இமாம்களுக்கு இல்லை.

முக்காடு எப்போது அரசியலானது?

1989 என்று பலர் சொல்வார்கள். 1958 என்பதே சரி.

அந்த ஆண்டு மே மாதம், அல்ஜீரியப் போரின் நடுவே, அல்ஜியர்ஸ் நகரின் பொதுச் சதுக்கத்தில் முஸ்லிம் பெண்களை மேடையேற்றி முகத்திரையைக் களையவைக்கும் விழாக்கள் நடந்தன. இராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவு சுவரொட்டி ஒன்றை அச்சிட்டது. வெள்ளைத் துணியால் உடலையும் முகத்தையும் போர்த்திய பெண்கள், அவர்களோடு முகம் திறந்த ஓர் இளம்பெண். ‘நீங்கள் அழகாக இல்லையா? திரையை விலக்குங்கள்!’ என்று வாசகம். அதே இராணுவம் அதே மாதங்களில் கிராமங்களைக் காலிசெய்து மக்களை முள்வேலி முகாம்களுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. பெண் விடுதலை என்ற உயர்ந்த சொல், துப்பாக்கி ஏந்தியவர் வாயிலிருந்து வந்தது. அந்தப் பெண்களின் பேத்திகள் பிரான்சில் பள்ளிக்குப் போகிறார்கள். முக்காட்டை எடு என்ற குரலை அவர்கள் வீட்டில் எப்படிக் கேட்பார்கள் என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

1989 செப்டம்பரில், பாரிசுக்கு வடக்கே கிரேய் என்ற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி, முக்காட்டைக் கழற்ற மறுத்த மூன்று மாணவிகளை வகுப்பிலிருந்து விலக்கியது. நாடே இரண்டாகப் பிளந்து விவாதித்தது. கல்வி அமைச்சர் உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 27 அன்று வந்த பதில் தெளிவானது: மத அடையாளம் அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு முரண் ஆகாது, பிறரை வற்புறுத்தினாலோ, பாடத்துக்கு இடையூறு செய்தாலோ நடவடிக்கை எடுக்கலாம். பதினைந்து ஆண்டுகள் அதுவே நடைமுறை. அதையே தொடர்ந்திருக்கலாம்.

2004 சட்டம் எதைத் தடை செய்தது? அதற்கு நியாயமே இல்லையா?

அரசுப் பள்ளி மாணவர்கள் மதத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளங்களை அணியக் கூடாது என்கிறது 2004 மார்ச் 15 சட்டம். முக்காடு, யூதர்களின் கிப்பா தொப்பி, பெரிய சிலுவை எல்லாம் இதில் அடங்கும். கீழவையில் 494 பேர் ஆதரித்தனர், 36 பேர் எதிர்த்தனர். இந்தக் கணக்கில் எங்குமே இல்லாத சீக்கிய மாணவர்கள் தலைப்பாகைக்காக வெளியேற்றப்பட்டார்கள். அதில் ஒருவருடைய வழக்கில், பிரான்ஸ் மத உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012ல் முடிவுசெய்தது. சட்டம் மாறவில்லை.

நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. சட்டத்துக்கு முன் பெர்னார் ஸ்டாசி தலைமையில் அமைந்த குழுவிடம், புறநகர்க் குடியிருப்புகளில் அண்ணன்மாரும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் முக்காடு போடச் சொல்லி மிரட்டுவதாகச் சொன்ன முஸ்லிம் பெண்கள் உண்டு. பள்ளிக்குள்ளாவது விடுதலை கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் குரல் உண்மையானது. தானாக விரும்பி அணிந்த மாணவியின் குரலும் அதே அளவு உண்மையானது. சட்டம் முதலாமவரைக் காக்க இரண்டாமவரை வெளியே தள்ளியது.

அதே குழு இன்னொன்றும் பரிந்துரைத்தது: ஹஜ்ஜுப் பெருநாளையும் யூதர்களின் யோம் கிப்பூரையும் பள்ளி விடுமுறையாக அறிவிக்கலாம். பிரான்சின் 11 பொது விடுமுறைகளில் ஆறு கிறிஸ்தவப் பண்டிகைகள். அரசு தடையை எடுத்துக்கொண்டு விடுமுறையை விட்டுவிட்டது.

2004 ஆகஸ்டில் ஈராக்கில் இரண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களைக் கடத்திய ஒரு கும்பல், இந்தச் சட்டத்தை ரத்துசெய் என்று மிரட்டியது. சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த பிரெஞ்சு முஸ்லிம் அமைப்புகளே முன்வந்து, எங்கள் பெயரால் பேச உங்களுக்கு உரிமை இல்லை என்று கடத்தல்காரர்களைக் கண்டித்தன. பாக்தாதுக்கே தூதுக்குழு அனுப்பின. டிசம்பரில் இருவரும் உயிரோடு திரும்பினார்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு துணைக்குச் சுற்றுலா செல்லும் தாய்மார்களுக்கும் முக்காட்டுத் தடையா?

சட்டப்படி இல்லை. பெற்றோர் அரசு ஊழியர்கள் அல்லர். இருந்தாலும் பிரச்சினை ஓய்வதில்லை.

2019 அக்டோபரில் திஜோன் நகரில் பிராந்திய மன்றக் கூட்டத்தைப் பார்க்க ஒரு பள்ளி தன் மாணவர்களை அழைத்து வந்தது. துணைக்கு வந்த தாய் ஒருவர் முக்காடு அணிந்திருந்தார். தீவிர வலதுசாரி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அந்தப் பெண் முக்காட்டை எடுக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்றார். மன்றத் தலைவர் மறுத்தார். வலதுசாரி உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அழுத மகனை அந்தத் தாய் அணைத்துத் தேற்றும் படம் நாடெங்கும் பரவியது. மக்களாட்சி எப்படி இயங்குகிறது என்று காட்டத்தான் அந்தச் சிறுவனை அங்கே அழைத்து வந்திருந்தார்கள்.

முகத்தை மூடும் புர்காவுக்குத் தடை உண்டா?

உண்டு. 2011 ஏப்ரல் முதல், பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். இன்னொருவரை மூடச்சொல்லிக் கட்டாயப்படுத்தினால் சிறை. 2014ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தடையை ஏற்றது; 2018ல் ஐ.நா. மனித உரிமைக் குழு தவறு என்றது. கடற்கரையில் உடல் மூடிய நீச்சலுடைக்குச் சில நகராட்சிகள் விதித்த தடையை 2016ல் பிரெஞ்சு நீதிமன்றமே நிறுத்திவைத்தது. நீளமான அபாயா அங்கிக்குப் பள்ளிகளில் 2023ல் தடை வந்தது; அதை அதே நீதிமன்றம் ஏற்றது.

கேலிச்சித்திரத்துக்காகக் கொலை நடந்ததே, அதற்கு என்ன பதில்?

கொலைக்கு எந்த வரலாறும் நியாயம் ஆகாது. 2015 ஜனவரி 7 அன்று, நபிகள் நாயகத்தைப் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்ட ‘சார்லி எப்தோ’ வார இதழின் மீது நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பர் 13ல் பாரிசில் 130 பேர். 2020 அக்டோபரில், வகுப்பில் கேலிச்சித்திரங்களைக் காட்டிப் பேச்சுரிமை பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியர் சாமுவேல் பத்தி தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். இங்கே ‘ஆனால்’ போட்டுப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

அந்த ஜனவரி நாள்களில் வேறு இருவரும் இருந்தார்கள். அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த காவலர் அஹ்மத் மெராபெத், தப்பி ஓடிய கொலையாளிகளால் நடைபாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து யூதர்களின் மளிகைக் கடை ஒன்றில் நான்கு பேர் கொல்லப்பட்டபோது, அங்கே வேலைசெய்த மாலி நாட்டு முஸ்லிம் இளைஞர் லசானா பத்திலி, வாடிக்கையாளர்களை அடித்தளத்தின் குளிர்பதன அறைக்கு அழைத்துச் சென்று மறைத்தார். தான் தப்பி வெளியே வந்தபோது, கூட்டாளியோ என்று சந்தேகித்துக் காவல்துறை முதலில் அவருக்கே விலங்கு மாட்டியது. சில நாள்களில் பிரான்ஸ் அவருக்குக் குடியுரிமை வழங்கியது.

முஸ்லிம் நாடுகளும் பெண்களின் உடையில் தலையிடுகின்றனவே?

தலையிடுகின்றன. ஈரானில் ரேசா ஷா 1936ல் முக்காட்டைத் தடைசெய்து போலீசாரை வைத்துப் பிடுங்கவைத்தார். 1979 புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி அதைக் கட்டாயமாக்கிப் போலீசாரை வைத்துப் போடவைக்கிறது. 2022ல் மஹ்சா அமினி அந்தப் போலீசாரின் காவலில் உயிரிழந்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் துருக்கியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு முக்காடு நீண்ட காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. தெஹ்ரானில் முக்காட்டைக் கழற்றும் பெண்ணையும் கிரேயில் கழற்ற மறுத்த மாணவியையும் நான் ஒரே பக்கத்தில்தான் வைக்கிறேன்.

மற்ற மேற்கு நாடுகளும் இப்படித்தானா?

இல்லை. பிரிட்டனில் முக்காடு அணிந்த காவலர்களும் ஆசிரியர்களும் பணியாற்றுகிறார்கள். ஜெர்மனியில் ஆசிரியைகளுக்கு ஒட்டுமொத்தமாகத் தடை விதிக்க முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2015ல் சொன்னது. மேற்குலகம் என்று ஒரே மூச்சில் சொல்வது, இஸ்லாமிய உலகம் என்று சொல்வதைப் போலவே எதையும் விளக்குவதில்லை.

அல்ஜீரியாவில் நடந்ததற்கு பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டதா?

முறையான மன்னிப்பு வரவில்லை. துண்டு துண்டான ஒப்புதல்கள் வந்திருக்கின்றன. 1961 அக்டோபர் 17 இரவு, தங்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்துப் பாரிசில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைக் காவல்துறை கொன்றது. பலரின் உடல்கள் சேன் ஆற்றில் வீசப்பட்டன. பல பத்துப் பேர் என்றும், இருநூறு வரை என்றும் வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்றைய காவல்துறைத் தலைவர் மொரிஸ் பப்போன், நாஜிகளின் காலத்தில் யூதர்களை முகாம்களுக்கு அனுப்பிய குற்றத்துக்காக 1998ல் தண்டிக்கப்பட்டார். அந்த இரவுக்காக ஒருபோதும் தண்டிக்கப்படவில்லை. 2012ல் பிரான்சுவா ஒல்லாந்தும், 2021ல் இம்மானுவேல் மக்ரோனும் குடியரசுத் தலைவர்களாக அந்தப் படுகொலையை ஒப்புக்கொண்டனர். 2020ல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட அல்ஜீரியப் போராளிகளுடையவை என்று சொல்லப்பட்ட 24 மண்டையோடுகள் பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து அல்ஜியர்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவற்றை அத்தனை காலம் ஓர் அருங்காட்சியகம் வைத்திருந்தது என்பதே பல பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரான்சுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் தமிழ் முஸ்லிம் பெண் முக்காடு அணியலாமா?

தெருவில், கடையில், ரயிலில் அணியலாம். முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பல்கலைக்கழக மாணவியாக அணியலாம். 2004 சட்டம் அரசுப் பள்ளிகளோடு நின்றுவிடுகிறது. அரசு மருத்துவமனையில் நோயாளியாக அணியலாம். செவிலியராகவோ மருத்துவராகவோ பணிபுரியும்போது முடியாது. எந்த அரசுப் பணியிலும் இதே விதிதான். தனியார் நிறுவனம் என்றால் அதன் உள்விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: 2016 முதல், நடுநிலை விதி ஒன்றை எழுத்தில் சேர்த்துக்கொள்ள நிறுவனங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது எல்லா மதத்துக்கும் பொதுவாகவும், வேலையின் தன்மைக்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாமல், வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி வேலையை விட்டு நீக்கினால், அது பாகுபாடு என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017ல் பிரெஞ்சு வழக்கு ஒன்றிலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படி நடந்தால் உரிமைப் பாதுகாவலர் என்ற அரசு அமைப்பிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.